மீன் தொடாத மருமகள்

1946 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாரன்ஸைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய் தெரசம்மாள் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தாள். மாப்பிள்ளை இனிகோ தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான்.

பிளாரன்ஸுக்குச் சிறுவயது முதலே முழங்கை மடிப்பில் கரப்பான் புண். அதை மறைக்க அன்று நீளக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள்.

“ஏளா, அவுக போற வரைக்கும் சொறிஞ்சிராத. போன சம்மந்தம் அதுலதான் கெட்டுச்சு” என்றாள் தாய் மரியநேசம்.

சாப்பாட்டில் சிக்கல் வந்தது. தெரசம்மாள் பிளாரன்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்து, சீலாமீன் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மீன் தின்றால் கரப்பான் பொங்கும் என்று வைத்தியர் விலக்கியிருந்தார்.

மரியநேசம் முந்திக்கொண்டாள். “வேண்டாம் மைனி. மாதாவுக்கு நேர்ச்சை. அவ மீன் தொடமாட்டா.”

“கடக்கரையில பொறந்துட்டு மீனே தொடமாட்டாளா? எம்புட்டு நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

தெரசம்மாள் துண்டைச் சட்டியிலேயே போட்டாள். இந்தச் சம்மந்தமும் கெட்டது என்று மரியநேசம் நினைத்தாள்.

“அப்ப இவதான் என் மருமக” என்றாள் தெரசம்மாள்.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலையில் மாமியார் ஒரு களிம்பு டப்பாவுடன் வந்தாள்.

“முன்னமே சொன்னா பொண்ணு தரமாட்டீகன்னு மறைச்சிட்டேன் தாயி. இனிகோவுக்குக் கரப்பான். இந்த வீட்டுல மீன் ஆக்குறதில்ல. மீன் தின்னுற பொண்ணு வந்தா அவன் வாயக் கட்ட முடியுமா? உன் நேர்ச்சைதான் எங்களக் காப்பாத்திச்சு. இத அவனுக்குத் தேச்சு விடு.”

பிளாரன்ஸ் டப்பாவை வாங்கினாள். ஜாக்கெட் கையைச் சுருட்டி, முதலில் தன் முழங்கையில் தடவிக்கொண்டாள்.