குப்பை என்றொரு ஃபோல்டர்

"இந்தப் பெட்டியில பாதி இடத்தை உன் சித்தி பாடின குப்பைதான்டா அடைச்சுக்கிட்டிருக்கு!"

சித்தி டீயோடு அறைக்குள் நுழைகிற நேரம் பார்த்துச் சித்தப்பா இதைச் சொன்னார். மெதுவாகவும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவனுக்குச் சுருக்கென்றது. குடும்பத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவனுக்குத்தான் போன் வரும். இந்த வீட்டுக் கம்ப்யூட்டரோ, ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் கண் திறக்காது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றியே ஆகணும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்க, அவனும் லீவு நாளை விட்டுக்கொடுத்துவிட்டு, புது டிஸ்க்கும் ஸ்க்ரூடிரைவருமாக வந்திருந்தான்.

"குப்பைதான், யாரு இல்லைன்னா? அதான் மைக்குல பாடிப் பதிவு பண்ணினதும் அழிச்சுடறேனே!" என்றாள் சித்தி. "ஒரு வரி கேட்பேன். எனக்கே சகிக்காது. அப்படியே தூக்கிக் குப்பைத்தொட்டியில போட்டுடுவேன். என் பாட்டு ஒண்ணுகூட இதுல இல்லைடா, வேணும்னா நீயே பாரு."

"குடியிருப்பு ஆண்டு விழாவில உங்களைப் பாடக் கூப்பிட்டாங்களாமே சித்தி?"

"கூப்பிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். முடியாதுன்னு சொல்லிடப் போறேன். வீட்டுக்குள்ளேயே இந்த லட்சணம், இதுல மேடை வேறயா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பாட வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவனுக்குப் பாவமாக இருந்தது. சித்தப்பா மேல் ஆத்திரமாக வந்தது. நாலு நல்ல வார்த்தை சொல்ல மனசு வராவிட்டால் போகிறது, வாயையாவது மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையா?

சித்தி சமையலறைக்குப் போனாள். சித்தப்பா குளிக்கப் போனார். அவன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற தூசி. தும்மித் தும்மித் துடைத்தான். பழைய டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே புதுசை மாட்டி, அதில் சிஸ்டத்தை ஏற்றி, போட்டோக்களையும் மற்றதையும் ஒவ்வொன்றாகக் காப்பி பண்ண ஆரம்பித்தான்.

'கரண்ட் பில்' என்ற ஃபோல்டருக்குள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தது. பெயர், 'குப்பை'. டிஸ்க்கில் பாதியை அது ஒன்றே விழுங்கியிருந்தது. காப்பி பண்ண உட்கார்ந்தால் பொழுது போய்விடும். பெயரே குப்பை, அதைத் திறந்து வேறு பார்ப்பானேன் என்று விட்டுவிட்டான்.

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "எல்லாம் வந்துடுச்சாடா?"

"வந்தாச்சு சித்தப்பா. பழைய டிஸ்க்கைச் சுத்தமா அழிச்சுட்டா வேலை முடிஞ்சுது. குப்பைன்னு ஒரு ஃபோல்டர் இருந்துது, அதை மட்டும் விட்டு..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. சித்தப்பா துண்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஐயோ, இப்படியெல்லாம் பிடுங்கக் கூடாது சித்தப்பா!"

"அழிச்சுட்டியா?"

"இல்லை, பட்டனை அமுக்கப் போனேன், அதுக்குள்ள நீங்க..."

"அப்பாடா!" சித்தப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். குளித்துவிட்டு வந்த மனிதருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

ஓஹோ, விஷயம் அப்படிப் போகிறதா என்று நினைத்தான் அவன். பெரிய மனுஷர் சித்திக்குத் தெரியாமல் எதையோ பதுக்கி வைத்திருக்கிறார். பழியை மட்டும் அவள் பாட்டின் மேல் போட்டிருக்கிறார்!

"அதுல என்ன இருக்கு சித்தப்பா?" கொஞ்சம் கறாராகவே கேட்டான்.

சித்தப்பா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "திறந்து பாரு" என்றார்.

அவன் பிளக்கை மறுபடி செருகினான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஃபோல்டரைத் திறந்தான். வரிசையாகப் பாட்டு. எல்லாம் சித்தி பாடியவை.

"அழிச்சுட்டேன்னு சொன்னாங்களே!"

"அவ அழிப்பா. குப்பைத்தொட்டியில போட்டது உடனே காணாமப் போயிடாது, அங்கேயே கிடக்கும்னு நீதானே ஒரு தடவை சொன்னே? அவ எழுந்து போனதும் நான் போய்ப் பொறுக்கி எடுத்து வச்சுடுவேன்."

"அப்புறம் எதுக்கு முகத்துக்கு நேராக் குப்பை குப்பைன்னு..."

"நல்லா இருக்குன்னு சொல்லிப் பார்த்தேன்டா. கிண்டல் பண்றீங்களான்னு கோவிச்சுக்கிட்டுப் பத்து நாளைக்கு மைக்கையே தொடலை. குப்பைன்னு சொன்னா ரோஷம் வந்துடும். மறுநாள் பல்லைத் தேய்ச்சதும் பாட உட்கார்ந்துடுவா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "மேடை விஷயத்துல மட்டும் என் வித்தை பலிக்கலை. அளவுக்கு மீறிச் சொல்லிட்டேன் போலிருக்கு. முடியாதுன்னு சொல்லிடுவாளோன்னு பயமா இருக்குடா."

அவன் கைக்கு வந்த ஒரு பாட்டைப் பாதியிலிருந்து தட்டி, சத்தத்தைக் கூட்டினான். எல்லோருக்கும் தெரிந்த பழைய தாலாட்டு. வீடே நிறைந்துபோனது.

சமையலறையில் குழாய் நின்றது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சித்தி வந்து கதவோரம் நின்றாள். கண் மூடியிருந்தது, தலை தானாக ஆடியது.

"யாருங்க பாடறது? என்னமாப் பாடறா! விழாவுக்கு இவளையே கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டுட்டாங்க" என்றார் சித்தப்பா. "சாயங்காலத்துக்குள்ள அவதான் சரின்னு சொல்லணும்."