பொரிகடலைக்குக் கிடைத்த பதில்

துண்டின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.

இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துண்டு. அதற்குள் வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்கள் மூச்சுவிடாமல் கிடந்தன. கையை ஆட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. சொந்த வீட்டில் திருடக் கிளம்புகிறவளைப்போல் இருந்தது. சிரிப்பு வந்தது.

அடுக்களைக்குப் போக, அத்தை படுத்திருக்கும் கூடத்தைத் தாண்ட வேண்டும்.

அத்தை என்றால் மாமியார் குருவம்மாள். அதிகம் பேசாதவள். இன்று சாப்பிடும்போது மட்டும், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை என்று சொல்லியிருந்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் ராத்திரி சலசலப்பது யார் கை என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. கணவனுக்கு மில்லில் இரவு வேலை. மிச்சம் இருப்பது இவர்கள் இருவர்தான்.

வளையல் அடுக்கிய கையோடு அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தடவை ஏழாம் மாதத்தில் அசைவு நின்றுபோனதை அவரும் மறக்கவில்லை.

அவள் மறப்பாளா?

வெறும் வயிற்றோடு படுக்க வேண்டாம், கொஞ்சமாய் ஏதாவது சாப்பிடு, பிறகு இடப்பக்கம் சாய்ந்து பிள்ளை அசைகிறதா என்று கவனி. இதுதான் டாக்டர் சொன்னது. பிஸ்கட் கூடாது. இனிப்புக் கூடாது. கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவளைப் பார்த்துக் கடலைமிட்டாயும் கூடாது என்றார். அது ஒன்றுக்காகத்தான் அவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முதலில் பயந்து பயந்துதான் சாப்பிட்டாள். பிறகு அது ஓர் ஆராய்ச்சியாகிப் போனது. உள்ளே இருப்பதற்கு எது பிடிக்கும்?

வாழைப்பழம். உள்ளே கம்மென்று இருந்தது.

மோரைக் கலக்கிக் குடித்தாள். லேசாகப் புரண்ட மாதிரி. மாதிரிதான்.

கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த பாசிப்பயறு. ம்ஹூம்.

அவித்த முட்டை. அவளுக்குத்தான் ஏப்பம் வந்தது.

பொரிகடலை.

எவர்சில்வர் டப்பா. மூடி லேசில் திறக்கிற ஜாதி இல்லை. இடுப்போடு அணைத்து, திருகி, உலுக்கி, ஒரு வழியாகத் திறந்து ஒரு வாய் போட்டாள். விலாவில் ஓர் உதை. கையிலிருந்த டம்ளர் தண்ணீர் பாதி தரைக்குப் போயிற்று.

சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. பாதாம் வேண்டாம், முந்திரி வேண்டாம், பொரிகடலை போதும் என்கிறது பிள்ளை. அப்பனைப்போலவே சிக்கனம். மறுநாளும் பொரிகடலை, மறுநாளும் உதை. வேலை முடிந்து காலையில் வந்த கணவனிடம் சொன்னாள். அப்படியென்றால் ஒரு மூட்டை வாங்கிப் போட்டுவிடுவோம் என்றான். மூட்டை வரவில்லை. ஆனாலும் டப்பா குறையவில்லை. அத்தை நிரப்பிவிடுகிறாள். ஒன்றும் கேட்பதில்லை.

அந்த அத்தையின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் இந்தத் துண்டு.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். தெரு விளக்கு வெளிச்சமே போதுமாயிருந்தது. மூடியோடு மல்லுக்கட்டித் திறந்தாள். ஒரு பிடி மென்றாள். காத்திருந்தாள்.

இல்லை.

இன்னொரு பிடி.

இல்லை.

இடப்பக்கம் சாய்ந்து தரையிலேயே படுத்தாள். தூங்குகிறதோ? பிள்ளைகள் வயிற்றுக்குள்ளும் தூங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன தடவையும் தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

வாயிலிருந்த கடலை விழுங்க முடியாமல் மாவாகிக் கிடந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எழ முடியவில்லை.

விளக்கு எரிந்தது.

அடுக்களை வாசலில் குருவம்மாள் நின்றாள். தூங்கி எழுந்த முகமாக இல்லை.

"சத்தத்தையே காணுமே. அதான் எந்திச்சு வந்தேன்."

அப்படியானால் இத்தனை ராத்திரியும் அத்தை தூங்காமல் கிடந்தது அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. வயிற்றைக் காட்டினாள்.

குருவம்மாளுக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் வெளிறிப் போயிற்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். துண்டில் பிடி நிற்கவில்லை. பொறுமையில்லாமல் முடிச்சை அவிழ்த்து உருவி எறிந்தாள்.

வளையல்கள் மொத்தமும் கலகலவென்று மணிக்கட்டுக்குச் சரிந்தன.

உதைத்தது.

இருவருமே பார்த்தார்கள். நைட்டிக்கு மேலேயே தெரிந்தது.

அவள் வாய்விட்டு அழுதாள். குருவம்மாள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகைக்கு நடுவிலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள்.

வாழைப்பழத்துக்கு மூடி கிடையாது.

மெதுவாக வலது கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டினாள்.

உதை.

குருவம்மாள் டப்பாவைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டு மென்றாள். கண் மட்டும் மருமகளின் வயிற்றை விட்டு நகரவில்லை.

"இன்னொருக்கா ஆட்டு," என்றாள்.