கொடியில் வெள்ளைத் துணி

"ஒரே ஒரு போட்டோ கூடவா இல்லை?" வக்கீல் இனெஸ் மறுபடியும் கேட்டாள்.

"எங்க கல்யாணத்துக்கே போட்டோ கிடையாது. கஞ்சாச் செடியை நிக்கவெச்சு எடுப்போமா?" என்றார் லெஸ்டர்.

அவர் மனைவி கோராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது? தீயணைப்பு நிலையக் கூடத்தில் சின்னத் தோட்டக்காரர்களுக்கு இலவச சட்ட உதவி, இன்றோடு சரி. ஐந்து மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கஞ்சாவை அனுமதிக்கும் புதுச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் கஞ்சா பயிரிட்டதற்கு ஆதாரம் காட்டினால்தான் லைசென்ஸ். இல்லையென்றால் இருபத்தாறு செடிகளையும் வெட்டிப்போட்டுவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். அறுபத்து மூன்று வயதில் இறங்கி எங்கே போவது?

"உரம் வாங்கின ரசீது? தண்ணிக் குழாய் வாங்கினது?"

"வாங்கின அன்னைக்கே அடுப்புல போட்டுடுவோம். இந்த மலையில எல்லாரும் அப்படித்தான்" என்றார் லெஸ்டர்.

"பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சாட்சி சொல்லுவாங்களா?"

"அவனோட நிஜப் பேரே எனக்குத் தெரியாதே! இருபது வருஷமா 'கரடி'ன்னுதான் கூப்பிடுறேன்" என்றாள் கோரா.

இனெஸ் பேனாவை மூடி வைத்தாள். "இத்தனை வருஷம் போலீஸ் ஹெலிகாப்டர் சுத்திச்சே. ஒரு தடவை மாட்டியிருந்தா கூட அந்தக் காகிதமே ஆதாரமா இருந்திருக்கும்."

"மாட்டுறதா? நாங்களா?" கோரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கவலைக்கு நடுவிலும் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. "ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதோ இல்லையோ, அஞ்சு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தூக்கிட்டு ஓடுவேன். செடிக்கு மேலயே துணி காயப்போடுற கொடி கட்டி வெச்சிருந்தோம். துணியை விரிச்சுப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி மேல பாத்துக் கையை ஆட்டுவேன். பதினெட்டு வருஷம்! ஒரு தடவை கூடக் கண்டுபிடிக்கலையே!"

"மேல உட்கார்ந்திருந்தவன் சரியான குருட்டுப் பய" என்று லெஸ்டர் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த வேர்னின் கை தடுமாறி, கோப்பை நிரம்பி மேசையெல்லாம் வழிந்தது. போன வருஷம்தான் பள்ளத்தாக்குக்குக் குடிவந்தவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். கூடத்தில் எது நடந்தாலும் காபி போட மட்டும் வந்துவிடுவார். துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். கோராவை ஒரு நொடி பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"காபிக்காரருக்கு என்ன வந்துச்சு?" என்றார் லெஸ்டர்.

கோரா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வானுயர்ந்த செம்மரங்களின் இடுக்கில் பனிமூட்டம் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்தபடி இருந்தவளுக்கு, தன் ஐந்து விரிப்புகளும் கொடியோடு கிளம்பி மலைமேல் மிதந்து போவது போல இருந்தது. அவற்றுக்கு அடியில் ஈர இலைகளின் வாசம். எங்கோ தூரத்தில் இறக்கைச் சத்தம். கீழே யாரோ ஒருத்தி கையாட்டிக்கொண்டு நிற்கிறாள். யார் அது? நானா? கண் கலங்கியது. இவ்வளவு நன்றாக ஒளிந்துகொண்டு என்னத்தைக் கண்டோம் என்று நினைத்தாள்.

"கோரா, அழாதே. கரடி வீட்டுல ஒரு அறை காலியாத்தான் இருக்கு" என்றார் லெஸ்டர்.

"அவன் குறட்டைக்கு நான் காட்டுலயே படுத்துக்குவேன், போ."

மணி நாலரை. இனெஸ் காகிதங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அப்போது கதவு திறந்தது. வேர்ன் மூச்சிரைக்க வந்து, ஒரு பழுப்பு உறையை கோராவின் முன் வைத்தார்.

உள்ளே ஒரு போட்டோ இருந்தது. சிவப்புத் தகரக் கூரை. கோரா தன் கையால் சூரியகாந்தி வரைந்த தண்ணீர்த் தொட்டி. கொடியில் ஐந்து வெள்ளை விரிப்புகள்; அவை காற்றில் விலகிய இடமெல்லாம் பச்சைப் பசேலென்று கஞ்சாச் செடிகள். நடுவில் கையாட்டியபடி அவள். ஓரத்தில் சிவப்பு எழுத்தில் தேதி, புதுச் சட்டத்துக்கு ஆறு வருஷம் முந்தையது.

"போதும்! இது ஒண்ணே போதும்!" இனெஸ் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

லெஸ்டர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுல எந்த மரத்துல ஏறினாலும் இப்படித் தெரியாதே. எங்கேர்ந்துய்யா எடுத்தே?"

வேர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மலையில மத்தவங்க எல்லாரும் எங்களைப் பார்த்து நடுவிரலைக் காட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தான் கையாட்டினீங்க. அதான் என் சொந்தக் கேமராவில ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டேன். ஆபீஸ்ல கேட்டா, 'அந்த வீட்டுல வெறும் துணிதான்'னு எழுதிக் குடுத்துடுவேன்."

கோரா போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் குருட்டுப் பய நான்தாம்மா" என்றார் வேர்ன், வெட்கத்தோடு. "ஆனா கொட்டுற மழையில ஓடிவந்து துணி காயப்போட்ட வீடு, இந்த மலையிலேயே உங்க வீடு ஒண்ணுதான்."