படம் பாத்துட்டுச் சொல்லுதேன்

“படத்த முழுசாப் பாருங்க, அப்புறம் முடிவச் சொல்லுங்க. உங்க சம்மதம் இல்லாம ஐஸ்வர்யாவக் கட்டமாட்டேன்” என்றான் செந்தூர்வேல். தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அவனுக்கு வேலை.

“பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார் பலசரக்குக் கடை காசிலிங்கம். மனைவி சீனித்தாயோடும் செந்தூர்வேலோடும் தியேட்டருக்குள் நுழைந்தார்.

நாயகியே ஐஸ்வர்யாதான். திருநங்கை. படத்திலும் திருநங்கையாக, ராக் பாடகியாக வந்தாள். படம் முழுக்கப் பாட்டுதான். காதலித்தவன், ‘வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க’ என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டுப் போனான். வேம்பார் கடற்கரையில் நின்று, கிட்டாரும் டிரம்ஸும் அதிர அவள் பாடினாள்.

பின்வரிசையில் எவனோ கேலியாகச் சிரித்தான். காசிலிங்கம் விருட்டென்று எழுந்தார்.

“ஏங்க, உக்காருங்க” என்று சீனித்தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

இடைவேளையில் வாங்கிய டீ அவர் கையிலேயே ஆறியது. செந்தூர்வேலைப் பார்த்துக் கேட்டார்.

“நெசத்துலயும் ஒருத்தன் இப்படித்தான் அவள விட்டுட்டுப் போனான். தெரியுமாலே?”

“தெரியும். அவளே சொல்லிட்டா.”

“பிள்ளை பிறக்காது.”

“தத்தெடுத்துக்கலாம்னு பேசியிருக்கோம்.”

“ஊரு சும்மா இருக்காது. ‘போயும் போயும் ஒரு திருநங்கையவா கட்டுன’ன்னு கேக்கும்.”

“ஆமான்னு சொல்லுவேன்.”

“இப்பச் சொல்லுவ. பத்து வருசம் கழிச்சு?”

செந்தூர்வேல் கொஞ்சம் யோசித்தான். “அத இப்ப எப்படிச் சொல்ல? கூட வாழ்ந்துதான் காட்டணும்.”

சீனித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போதும்ங்க. பிள்ளையப் போட்டு வறுக்காதிய.”

படம் முடிந்து வெளியே வந்தார்கள். சாலையில் நிலக்கரி லாரிகள் இரைந்து போய்க்கொண்டிருந்தன. காசிலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“என்ன சொல்லுதிய?” என்று கேட்டான் செந்தூர்வேல்.

காசிலிங்கம் அவன் தோளில் கைபோட்டார்.

“உங்க அம்மையும் அப்பாவும் எப்பவோ சரின்னுட்டாவளாமே? ஞாயித்துக்கிழமை அவியளக் கூட்டிக்கிட்டு முறையாப் பொண்ணு கேட்டு வாங்க, மாப்ள. எம் மவளத் தராமலா இருப்பேன்!”