பத்தொன்பதாவது பெயர்

திரை விலக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அதற்குள் யாரோ ஒரு கிழவி வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நினைவுப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அதட்டப் போன நல்லரத்தினம் பாதி வழியில் நின்றுவிட்டார்.

ஆச்சிப்பிள்ளை மிஸ்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர் நல்லரத்தினம். பதினெட்டு வயதில் அவருக்குத் தட்டச்சுப் படிப்பித்தவர் மிஸ். அவருடைய அடிமட்டத்தால் விரலில் அடி வாங்காமல் உத்தியோகத்துக்குப் போனவர்கள் புளியந்தீவில் குறைவு.

ஆனால் மிஸ் செத்து ஐந்து வருடமாகிறது. 'புளியந்தீவில் வாழ்ந்து மறைந்த பெரியோர்' இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவது பெயர் அவருடையது. எழுதுவித்தவரே விழாக்குழுச் செயலாளர் நல்லரத்தினம்தான்.

"தட்டச்சு ஆசிரியை எண்டதில ஒரு 'ட்' காணாம இரிக்கு," என்றார் மிஸ், திரும்பிப் பாராமலே.

மிஸ்ஸின் கால் நிலத்தில் பாவுகிறதா என்று நல்லரத்தினம் குனிந்து பார்த்தார். காலில் றப்பர் செருப்பு இருந்தது.

வவுணதீவிலிருந்து மிஸ்ஸின் மருமகள் தக்ஷாயினியின் பெயரில் வந்த கடிதம் பைலில் இருந்தது. கொரோனாக் காலத்தில் காலமானதால் யாருக்கும் அறிவிக்கவில்லையாம். வாசித்துவிட்டு நல்லரத்தினம் அழக்கூடச் செய்தார். விசாரிக்கத்தான் தோன்றவில்லை.

போன முறை உயிரோடிருப்பவர்களையும் சேர்க்கப்போய், யார் பெயர் மேலே என்று மூன்று பெரியவர்கள் பிடித்த சண்டையில் பலகையே ஏறவில்லை. இந்த முறை செத்தவர்கள் மட்டும் என்று விளம்பரம் போட்டவரும் அவர்தான். பத்திரிகைக்காரர்கள் வேறு வந்துவிட்டார்கள்.

"மிஸ், மன்னிச்சுக்கொள்ளுங்க. உங்கட மருமகள் எங்கள ஏமாத்திப்போட்டா. இப்பவே உங்கட பேர அழிப்பிக்கிறன்."

மிஸ் துணியைச் சட்டென்று கைவிட்டார்.

"அழிச்சியெண்டா விரல முறிச்சிருவன். அவள் பாவம், காட்டின இடத்தில கையெழுத்து மட்டுந்தான் வெச்சவள்."

நல்லரத்தினத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பைலைத் திறந்து கடிதத்தைப் பார்த்தார். தட்டச்சில் அடித்த கடிதம். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

வாவிக்கரை வளைவில் பிரதம விருந்தாளியின் வாகனம் திரும்பியது.

"அப்ப உங்கள ஆரெண்டு சொல்றது, மிஸ்?"

"தங்கச்சியெண்டு சொல்லு."

அவரை முன்வரிசையில் இருத்தினார்கள். அக்காவை உரித்துவைத்த மாதிரி இருக்கிறீர்கள் என்று பழைய மாணவர்கள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துச் சொன்னார்கள். மறைந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது, மிஸ்தான் எல்லோரையும்விடப் பணிவாகத் தலையைக் குனிந்தார்.

பிறகு, அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள்.

மிஸ் நாற்பது நிமிடம் பேசினார். விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மற்ற இருபத்தொரு பேரைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை.