வெடித்த கோட்டிங்

செம்மேட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் அர்த்தனாரி எகிறினார். “வாங்கி மூணு மாசம் ஆகலீங்க, லென்ஸ் மேல இருக்கற கோட்டிங் பூராவும் வெடிச்சுப் போச்சு!” கடையில் கொடுத்த துணியைத் தவிர வேறெதிலும் துடைக்காமல் அவர் காப்பாற்றிய கண்ணாடி அது.

கடைக்காரப் பெண் ரஞ்சிதா லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அனல் பட்டாத்தான் இப்படி வெடிக்குங்க. அடுப்புக்கிட்டப் போட்டுட்டு நின்னீங்களா?”

“நான் எதுக்கும்மா அடுப்புக்கிட்டப் போறேன்? பொய் பேசறதுக்கும் ஒரு அளவு வேணும்!” என்று மேசையில் அறைந்தார்.

கூட வந்திருந்த மனைவி கண்ணாயிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“அந்தப் புள்ளைய எதுக்கு வையறீங்க? நீங்க எந்திரிக்கறதுக்குள்ள நான்தான் அதைப் போட்டுக்கிட்டுச் சமைக்கறேன். சாமைச் சோத்துல கல்லு கெடக்குதுன்னு தட்டை வீசறீங்களே, எனக்குக் கண்ணு தெரியுதான்னு ஒருநாளாவது கேட்டீங்களா?”

கண்ணாயி விறுவிறுவென்று போய்க் கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள்.