மினுக்கம்

திரையில் மறுபடியும் அதே கோடு. ஆய்வாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

வெற்றிடப் பம்பைத் திட்டினாள். கருவியை விற்றவனைத் திட்டினாள். நாளைக்கு வழக்கறிஞர் கையில் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும்.

கருவிக்குள் இருந்தது பாரந்தூக்கிச் சங்கிலியின் அறுந்த வளையம் ஒன்று. அது அறுந்து விழுந்ததில் ஓர் ஆள் செத்துப்போனான். அளவுக்கு மீறிப் பாரம் மாட்டியது அவன்தான் என்று சாதிக்கிறார் முதலாளி. இரும்பு எப்போதோ நொந்துபோயிருந்தது என்கிறது அவன் குடும்பம்.

யார் சொல்வது நிஜம் என்று பாசிட்ரான் என்கிற நுண்துகள்களின் கற்றை காட்டிக்கொடுத்துவிடும். இரும்பின் மேல்தோலுக்குள் புகுந்து, அணு விட்டுப்போன ஓட்டைகளாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து, அங்கேயே அழியும். அழிகிற விதத்திலிருந்து இரும்பு எவ்வளவு நொந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வளையத்திலோ எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி காயம். எது பழசு, எது புதுசு, ஒரு எழவும் விளங்கவில்லை.

கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தாள். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுக்கம்.

யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த தேய்ப்பில் பழைய மேல்தோல் போயே போய்விட்டது. மிச்சமிருப்பதெல்லாம் தேய்த்த காயம். இதை உள்ளே மாட்டிய சக ஆய்வாளரைக் கேட்டால், எவ்வளவு சுத்தமாக அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாராம். சந்தோஷப்பட ஆள் வேறு.

முதலாளி ஆட்களின் வேலை, சந்தேகமே இல்லை. சும்மா விடக்கூடாது என்று குடும்பத்தின் வழக்கறிஞரைப் போனில் பிடித்தாள். விபத்தன்றே கூட வேலை செய்தவர்கள் வளையத்தை எடுத்து, செத்தவனின் மனைவியிடம் கொடுத்துவிட்டார்களாம். அங்கிருந்து நேரே இங்கேதான் வந்ததாம்.

அப்படியென்றால் வீட்டுக்குள்ளேயே புகுந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி அழைத்தாள். முதலாளி பக்கத்து ஆள் யாராவது வந்தார்களா, வளையத்தை வாங்கிப் பார்த்தார்களா என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

"யாரையும் தொட விடல மேடம். அதுல அவரு ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. அதோட எப்படிக் குடுத்து விடுறது? நான்தான் உக்காந்து தேச்சேன்."

ஆய்வாளர் வளையத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்ப நல்லாத் தெரியுதா, மேடம்?"